தடுத்து வைத்த சொல்

கார்டிஃபில், மூன்றாம் மாடியில் என் மேசை.
கம்பெனிப் பெயர்கள் வரிசையில் வந்து நிற்கும்.
சிலவற்றைக் கணினி சிவப்பாக்கி என்னிடம் தள்ளும்.
பெரிய மனிதச் சொற்கள் அவை,
கடன் வாங்கிய கோட்டு மாதிரி
தோளில் தொங்கிக்கொண்டு வரும்.

'ராயல்' என்று கேட்டார் ஒரு தலையணை வியாபாரி.
அரண்மனையின் சம்மதக் கடிதம் எங்கே என்றேன்.
"தூங்கும்போது எல்லாருமே ராஜாதானே, மேடம்?"
அதை எழுதப் படிவத்தில் கட்டமில்லை.

கிங் என்ற குடும்பப்பெயருள்ள பிளம்பர்
தன் பிறப்புச் சான்றிதழோடு
தகப்பனுடையதையும் பாட்டனுடையதையும் இணைத்திருந்தார்.
அவரை விட்டுவிட்டேன்.
மூன்று தலைமுறையாகக் குழாய் அடைப்பு நீக்கும் அரச வம்சம்.

கராஜில் இரண்டு பேர், ஒரு கெட்டில், ஒரு வெள்ளைப் பலகை:
இன்ஸ்டிட்யூட் ஆக ஆசை.
ஆராய்ச்சி எது என்றேன்.
இன்னும் பதில் வரவில்லை.

பிறகு காலின் பார்ஜெட்டர்.
செவர்ன் ஆற்றோரம் அப்டனில்
விலாங்கு மீனுக்குப் புகை போட்டு விற்பவர்.
கடைக்கு வைத்த பெயர் 'தி பேங்க்'.

ஆங்கிலம் சில இடங்களில் கஞ்சம்.
கரைக்கும் வங்கிக்கும் ஒரே சொல்லை
மாற்றி மாற்றி உடுத்திக்கொள்கிறது.
நான் வேல்ஷ் பேசி வளர்ந்தவள்.
எங்களுக்குப் பணம் இருக்கும் இடம் 'பாங்க்',
ஆறு நிற்கும் இடம் 'க்ளான்'.
ஆனால் சட்டம் என் அம்மாவின் சமையலறையில் எழுதப்படவில்லை.

எழுதினேன்:
ஐயா, தாங்கள் பொதுமக்களிடம் வைப்புத்தொகை
பெறுவதில்லை என்பதை உறுதிசெய்யவும்.

நீல மசியில், கையெழுத்தில் பதில் வந்தது.
காகிதத்தில் லேசாகப் புகை வாசம்.

"நான் பெறுவதில்லை, அம்மணி. என்னிடம் வைக்கிறார்கள்.
பிப்ரவரி தோறும் ஆறு வந்து
என் தரையில் இரண்டு அங்குலம் வண்டல் போட்டுவிட்டுப் போகிறது.
ரசீது கேட்டதில்லை.
வட்டியும் கேட்டதில்லை.
போன முறை மட்டும்
ஃப்ரிட்ஜை எடுத்துக்கொண்டு போய்விட்டது."

சிரித்துவிட்டேன். பக்கத்து மேசை டிலித் எட்டிப் பார்த்தாள்.
சிரிப்பு ஆதாரம் ஆகாது.
நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின்
ஆட்சேபமில்லாக் கடிதம் வேண்டும் என்று
மறுபடியும் எழுதினேன்.
மூன்று வாரம் போயிற்று.
செய்திகளில் செவர்ன் ஏறிக்கொண்டிருந்தது.
வரைபடத்தில் அப்டன் மேல் ஒரு நீலத் திட்டு.
கரை கரைந்துகொண்டிருந்த இரவிலும்
அவர் கோப்பு என் தட்டில் காய்ந்தே கிடந்தது.

ஏப்ரலில் புது விண்ணப்பம்.
'பார்ஜெட்டர் விலாங்கு: இது பேங்க் அல்ல லிமிடெட்.'

கணினி அதையும் சிவப்பாக்கியது.
அதற்கு 'அல்ல' தெரியாது.
மறுக்க வேண்டுமானாலும்
அந்தச் சொல்லுக்கு முதலில் அனுமதி வேண்டும்.

போன் செய்தேன். நீண்ட நேரம் அடித்தது.
பின்னால் யாரோ தரையைச் சுரண்டும் சத்தம்.
"சரி," என்றார். "என் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள்.
அதுவாவது என்னுடையதா,
இல்லை அதற்கும் கடிதம் வேண்டுமா?"

பார்ஜெட்டர் லிமிடெட். பச்சை. நாலு நிமிடத்தில் முடிந்தது.
அன்று மதியம் நான் யாரோடும் பேசவில்லை.

ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில் அங்கே போனேன்,
யார் என்று சொல்லாமல்.
பலகையில் அவர் பெயர் மட்டும்.
சுவரில் என் தோளுயரத்துக்கு வெள்ளக் கோடுகள்,
ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் வருடம்.
கால் கிலோ விலாங்கைக் காகிதத்தில் சுற்றிக்கொடுத்தார்.
சில்லறையை எண்ணாமல் தந்தார்.

எனக்குப் பின்னால் நின்ற பெண்
போனை எடுத்து, கடையே கேட்கும்படி:

"பேங்க்லதான் நிக்கிறேன்.
உனக்கு எவ்வளவு எடுத்துட்டு வர?"

அவர் என்னைப் பார்க்கவில்லை.
நான் மீன் பொட்டலத்தைப் பார்த்தேன்.
சனிக்கிழமை.
என் கையில் பேனா இல்லை.